கோட்டைக் கொத்தளமும் லைன் வீடும்

திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலுக்குப் போகிறவர்கள் அங்கே நிற்கும் இரண்டு வெள்ளெருக்குத் தூண்களைப் பார்க்காமல் திரும்புவதில்லை. புழல் கோட்டையில் இருந்த குறும்பரை வென்ற தொண்டைமான், அங்கிருந்து பெயர்த்துக்கொண்டு வந்தவை என்கிறது தலபுராணம். நந்தியோ சுவாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, படைக்குத் துணைபோகப் புறப்பட்ட தோரணையில் வெளியே பார்த்திருக்கிறது. போர், யானை, அதன் காலைச் சுற்றிய முல்லைக்கொடி, கொடியை வெட்டிய வாள் லிங்கத்தில் பட்டு வழிந்த ரத்தம் என்று சரித்திரக் கதைக்கு வேண்டிய சரக்கெல்லாம் அம்பத்தூருக்கு அடுத்த ஊரிலேயே கிடக்கிறது. தோற்ற குறும்பர் வீட்டுப் பெண்கள் என்ன ஆனார்கள் என்பதைத்தான் காணோம். தமிழ்ச் சரித்திர நாவல்களை நிறுக்கும்போது நான் முதலில் தட்டில் போடும் படிக்கல் அந்தக் கேள்விதான்.

இந்த வகையின் தொடக்கம் 1895இல் வந்த ‘மோகனாங்கி’. எழுதியவர் திருகோணமலைக்காரரான தி. த. சரவணமுத்துப்பிள்ளை, கதை மதுரை சொக்கநாத நாயக்கரைப் பற்றியது. காதலுக்கு அரண்மனைதான் வீடு என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது போலும்.

கல்கி அந்த வீட்டைப் பெரிதாகக் கட்டினார். ‘பார்த்திபன் கனவு’, ‘சிவகாமியின் சபதம்’, பிறகு 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்த ‘பொன்னியின் செல்வன்’. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையில் தண்டிக்கப்பட்டவர்களின் பெயர் உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கிறது. நாவலில் வரும் ரவிதாசன் அங்கிருந்து வந்தவன். நாயகர்களை ஆட்டிவைக்கும் நந்தினியோ முழுக்கக் கல்கியின் கற்பனை. கல்லில் இருப்பவனையும் கற்பனையில் பிறந்தவளையும் ஒரே பல்லக்கில் ஏற்றி, வாசகனுக்குச் சந்தேகமே வராமல் ஊர்வலம் விட்டதுதான் அவர் கெட்டிக்காரத்தனம். கல்கி பள்ளியின் தரம் இங்கே இருக்கிறது: ஆதாரத்தைப் படி, அது மௌனமாகும் இடத்தில் மட்டும் கற்பனை செய். பின்னால் வந்தவர்களில் பலர் முதல் பாதியை வசதியாக மறந்தார்கள்.

சாண்டில்யனைத் திட்டுவது இலக்கிய வட்டத்தில் ஒரு வழக்கம். வர்ணனை பக்கம்பக்கமாக ஓடும், உண்மைதான். ஆனாலும் ‘கடல் புறா’வில் கருணாகரத் தொண்டைமானை, நம் தொண்டை மண்டலத்துப் பெயரைத் தாங்கியவனை, கப்பலேற்றிக் கடலுக்கு அப்பால் கொண்டுபோனவர் அவர். தமிழ்க் கதாநாயகனுக்கு உப்புக்காற்று பட்டது அவரால்தான். விக்கிரமன், ஜெகசிற்பியன், கோவி. மணிசேகரன் ஆகியோருக்கும் தனித்தனி வாசகர் கூட்டம் இருந்தது. என் கணக்கில் அவர்கள் கல்கி வீட்டு மாடிகள்.

வேறு மண்ணில் கால் ஊன்றியவர் பிரபஞ்சன். பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரியில் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ எழுதினார். இரண்டாவது நூலுக்கு 1995இல் சாகித்ய அகாதெமி பரிசு. மன்னன் நகர்ந்து, துபாஷும் தாசியும் தெருக்காரரும் நடுக்கூடத்துக்கு வந்தார்கள்.

அதே அகாதெமி பரிசை ‘வேங்கையின் மைந்த’னுக்காக 1963இல் வாங்கியவர் அகிலன். சோழப் பேரரசைப் பாடிய அந்தக் கைதான் பிறகு ‘பால்மரக் காட்டினிலே’ என்று மலேசிய ரப்பர் தோட்டத்தையும் எழுதியது. முதலாவதைச் சரித்திர நாவல் அலமாரியிலும் இரண்டாவதைச் சமூக நாவல் அலமாரியிலும் நூலகங்கள் வைக்கின்றன. ஏன்? சோழர் கடல் கடந்தால் சரித்திரம், கூலிக்காரர் கடல் கடந்தால் சமூகமா?

காட்டையும் சுரங்கத்தையும் திறக்கப் போன தமிழர் கூட்டத்தில் அபூர்வமான ஒரு பாத்திரம் பள்ளிக்கூடத்து வாத்தியார். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்கவேண்டும் என்று மலாயாவில் 1923 தொழிலாளர் சட்டம் சொன்னது. பல தோட்டங்களில் மேஸ்திரியான கங்காணியோ கணக்கரான கிராணியோ வாத்தியார் வேலையையும் சேர்த்துப் பார்த்தார்கள். தனி வாத்தியார் வந்துவிட்டால் அவர் பாடு பெரும்பாடு. பகலில் அரிச்சுவடி; பொழுது சாய்ந்தால் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டுத் திண்ணையில் ஊர்க் கடிதங்களைப் படித்துச் சொல்வது, பதில் எழுதுவது, துரைக்கு மனு எழுதுவது. யார் யாரை நினைத்து ஏங்குகிறார்கள் என்று அந்த லைனில் அவருக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. காதல் கதைக்கு இதைவிடத் தோதான ஆள் வேறு யார்? இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை வைத்துப் புதுமைப்பித்தன் எழுதிய ‘துன்பக்கேணி’யிலேயே இந்த வாத்தியார் எட்டிப் பார்க்கிறார். நாவல்காரர்கள் அவரை அங்கேயே விட்டுவிட்டுக் கோட்டைக்குத் திரும்பிவிட்டார்கள்.

சுரங்கம் என்றால் நமக்குக் கோலார் தங்கவயல். 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே இறங்கியது. வட ஆற்காட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் போனது. அங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் இறங்கியது. 2001இல் எல்லாம் மூடப்பட்டு, சயனைடு மேடுகள் மிஞ்சின. கூலி லைன் என்று எளிதாகக் கடந்துவிட முடியாத ஊர் அது. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்கு அங்கே வலுவான கிளை இருந்தது. 1907இல் அவர் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழ் பின்னாளில் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. பாறை வெடிக்கும் ஷாஃப்டுக்கு மேலே அச்சுக்கூடமும் வாசிப்பும் இருந்த ஊரில் ஒரு வாத்தியாரின் காதலைச் சொல்ல கற்பனை கொஞ்சம் போதும். ஆதாரம் ஏற்கெனவே இருக்கிறது. ‘தங்கலான்’ படம் அந்த மண்ணைத் திரைக்குக் கொண்டுவந்தது. வாத்தியாருக்கான இடம் இன்னும் காலி.

வேலை தேடி ஆட்கள் வந்து குடியேறும் இந்தக் கதை நம் அம்பத்தூர், ஆவடிப் பகுதிக்கும் அந்நியமில்லை. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய முதல் ரயில் அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான் போனது. நூறு வருஷம் கழித்து ஆவடிக்கு டாங்கித் தொழிற்சாலை வந்தது, அம்பத்தூருக்குத் தொழிற்பேட்டை வந்தது. ஏரிக்கரையில் திடீரென்று முளைத்த குடியிருப்புகளுக்கு வாத்தியார்களும் டீச்சர்களும் வந்து சேர்ந்தார்கள். பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரை பழைய பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளில் ‘தகப்பனார் தொழில்’ என்று ஒரு கட்டம் இருக்கும். எங்கிருந்து யார் வந்தார்கள், என்ன வேலைக்கு வந்தார்கள் என்பதற்கு அதைவிட நம்பகமான சான்று கிடைப்பது கடினம். தலைமையாசிரியர்கள் அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட வேண்டாம். ஓய்வுபெற்ற டீச்சர்களே, முதல் நாள் வகுப்பிலிருந்து எழுதத் தொடங்குங்கள். நாவல் எழுதும் இளைஞர்களே, அந்த டீச்சர்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.