திரும்புதலும் மாறுதலும்: ஆமோஸ் நூலின் பல்லவி குறித்து

மனந்திரும்ப அழைக்கும் கடுஞ்சொற்களை மொழிபெயர்ப்போர் அவற்றின் கடுமையைக் காப்பதில் காட்டும் அக்கறையை, அவற்றுள் உறையும் அன்பைக் காப்பதில் பெரும்பாலும் காட்டுவதில்லை. ஆமோஸ் நூலின் நான்காம் அதிகாரம் இவ்வகையில் ஆராயத்தக்கது.

கி.மு. எட்டாம் நூற்றாண்டில் தெக்கோவாவிலிருந்து வந்து வட இஸ்ரயேலில் உரைத்த இவ்விறைவாக்கினர், சமாரியாவின் செல்வப் பெண்டிரைப் பாசான் நாட்டுப் பசுக்கள் எனச் சாடித் தொடங்குகிறார். பின்னர்ப் பஞ்சம், மழையின்மை, பயிர்நோயும் வெட்டுக்கிளியும், கொள்ளைநோயும் வாளும், சோதோமை ஒத்த அழிவு எனத் துன்பங்கள் அடுக்கப்படுகின்றன. ஒவ்வொன்றின் இறுதியிலும், மக்கள் தம்மிடம் திரும்பவில்லை என இறைவன் கூறும் அதே தொடர் ஐந்து முறை மீள்கிறது. இறைவனின் அன்பைச் சுட்டும் சொல் அதிகாரத்தில் எங்கும் இல்லை. நேசித்தல் என்னும் வினை ஒருமுறை வருகிறது. அதுவும் பலி செலுத்துவதில் மக்கள் கொண்ட விருப்பத்தை எள்ளுவதற்கே. அன்பு 'என்னிடம்' என்னும் ஒரு வேற்றுமை வடிவில் மறைந்துள்ளது. தண்டிப்பவரின் கணக்கு 'நீங்கள் திருந்தவில்லை' என்பதோடு முடிந்திருக்கும்; 'என்னிடம்' என்பதோ காத்திருந்தவரின் மனக்குறை. மூலத்தில் இவ்விடத்து நிற்கும் 'அத்' என்னும் இடைச்சொல் 'வரை' எனவும் பொருள்படும். பாதி வழி வந்து நின்றால் போதாது என்னும் குறிப்பு அதில் உண்டு.

'ஷூப்' என்னும் எபிரேய வினைக்குத் திரும்புதலே அடிப்படைப் பொருள். புதிய ஏற்பாட்டின் 'மெட்டனோயா' மனமாற்றத்தைச் சுட்டுவது. சீர்திருத்தத் திருச்சபையாரின் பழைய மொழிபெயர்ப்பில் நிலைபெற்ற 'மனந்திரும்பு', திட்டமிட்டோ தற்செயலாகவோ, கிரேக்கத்தின் மனத்தையும் எபிரேயத்தின் திரும்புதலையும் ஒருசேரத் தாங்குகிறது. 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பு புதிய ஏற்பாட்டில் 'மனம் மாறு' என்றது. எளிமையும் கிரேக்கத்தோடு ஒப்புமையும் அதற்கு உண்டென்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் நின்ற இடத்தில் நின்றே ஒருவர் மாறிவிடலாம். திரும்புவதற்கோ விலகிச் சென்றதை ஒப்புக்கொள்ள வேண்டும். தாழ்மை அங்குத்தான் தொடங்குகிறது. மேலும், திரும்பிச் சேர ஓர் இடமும் அங்கே ஒருவரும் இருத்தல் வேண்டும்.

தமிழ் இங்கு மூலத்தினும் ஒருபடி மேலே செல்ல இயலும். 'வா', 'செல்' என்னும் வினைகளுள் முன்னது பேசுவோன் நிற்கும் இடத்தை நோக்கியது. 'என்னிடம் திரும்பி வரவில்லை' என்கையில் கடிந்துரைப்பவர் வாயிலில் நிற்பது இலக்கணத்தாலேயே புலனாகிறது. இத்தொடரை ஐந்து இடங்களிலும் ஒரு சொல்லும் மாற்றாமல் பெயர்க்க வேண்டும். கூறியது கூறல் குற்றமென நன்னூல் வழிப் பயின்ற பதிப்பாசிரியர்கள் இதனை மெருகேற்ற முற்படலாம். அவர்களுக்கு இடங்கொடுத்தல் ஆகாது.