பால் வார்க்கும் பெண்: படத்தில் இருப்பதும் நாம் சேர்ப்பதும்

படத்தைப் பார்த்து எழுதச் சொன்னால் நம் பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். ஒன்று, கண்ணில் பட்டதையெல்லாம் பட்டியல் போடுவார்கள். இல்லையென்றால் கதை கட்டுவார்கள்: ஏழைப் பெண், கொடுமைக்கார எஜமானி, ஊரில் நோயாளித் தாய். படத்தில் தாயும் இல்லை, எஜமானியும் இல்லை!

இந்தப் பழக்கத்தைச் சோதிக்க வெர்மீரின் ஓர் ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்து ஓவியரான இவர் 1660ஐ ஒட்டி வரைந்தது இது. இப்போது ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அளவு 45.5க்கு 41 சென்டிமீட்டர்தான். வகுப்பறைச் சுவரில் மாட்டினால் கடைசி வரிசைக்குத் தெரியாது.

முதல் வழுக்கல் தலைப்பிலேயே இருக்கிறது. ஆங்கிலத் தலைப்பை அப்படியே பெயர்த்துப் 'பால்காரி' என்று போட்டுவிடுகிறார்கள். நமக்குப் பால்காரி என்றால் வீடு வீடாகப் பால் விற்பவள். இவள் அடுக்களை வேலையாள். 1696இல் ஆம்ஸ்டர்டாமில் ஏலத்துக்கு வந்தபோது பட்டியலில், வேலைக்காரப் பெண் பால் ஊற்றுகிறாள், மிக நன்றாக இருக்கிறது என்ற அளவில்தான் குறிப்பு இருந்தது. 175 கில்டருக்குப் போனது. அந்தக் குறிப்பு நம் பல மாதிரிக் கட்டுரைகளைவிடத் துல்லியமானது என்பேன்.

சரி, என்ன சமைக்கிறாள்? மேசையில் ரொட்டி, உடைத்த துண்டுகளும் கிடக்கின்றன. பால் நூல்போல மெல்ல ஒரு மண்பாத்திரத்தில் இறங்குகிறது. காய்ந்த ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கஞ்சியோ களியோ செய்கிறாள் என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். இதுவும் ஊகம்தான். ஆனால் ரொட்டி, பால், பாத்திரம், ஊற்றும் வேகம் என நான்கு சான்றுகள் மேசையிலேயே இருக்கின்றன. நோயாளித் தாய்க்கு ஒரு சான்றாவது காட்டுங்கள், பார்ப்போம்.

இப்போது சிக்கலான இடத்துக்கு வருவோம். தரையில் ஒரு சிறு மரப்பெட்டி. உள்ளே தணல் வைத்துக் குளிர்காலத்தில் கால் சூடாக்கும் பெட்டி அது. அதன் பின்னால் சுவரடியில் டெல்ஃப்ட் ஓடுகள். ஒன்றில் வில்லேந்திய காதல் தேவன் கியூபிட். அக்காலத்து டச்சு ஓவியங்களில் வேலைக்காரிகளைச் சோம்பேறிகளாகவோ மோகம் பிடித்தவர்களாகவோ காட்டுவது வழக்கம். நிக்கோலாஸ் மாஸ் 1655இல் வரைந்த படத்தில் வேலைக்காரி தூங்குகிறாள், பூனை இறைச்சியைத் திருடுகிறது, எஜமானி நம்மைப் பார்த்துச் சிரித்தபடி அவளைக் காட்டுகிறாள். இதை வைத்து, வெர்மீரின் பெண்ணும் காதல் நினைவில் இருக்கிறாள் என்று வால்டர் லீட்கே போன்ற அறிஞர்கள் வாசித்தார்கள்.

தள்ளிவிடக்கூடிய வாசிப்பு அல்ல இது. 2022இல் அருங்காட்சியகம் வெளியிட்ட ஆய்வு இன்னும் கொஞ்சம் தீனி போட்டது. வெர்மீர் முதலில் அவள் தலைக்குப் பின்னால் குவளைகள் தொங்கும் ஒரு சட்டத்தையும், கீழே வலப்பக்கம் கணப்புக் கூடை ஒன்றையும் வரைந்து, பிறகு இரண்டையும் வண்ணத்தால் மூடிவிட்டார். எவ்வளவோ பொருள்களை நீக்கியவர் கால்பெட்டியையும் கியூபிட்டையும் விட்டுவைத்தார் என்றால், தெரிந்தேதான் விட்டுவைத்திருப்பார்.

ஆனாலும் எனக்கு அந்த முடிவு போதவில்லை. கியூபிட் சுண்டுவிரல் நகமளவுகூட இல்லை; அவளோ பாதிப் படத்தை நிறைத்து நிற்கிறாள். அவள் கண்ணைப் பாருங்கள்: பாலைவிட்டு நகரவே இல்லை. சுருட்டிவிட்ட கைச்சட்டைக்குக் கீழே முன்கை வெளுப்பு, விரல்கள் வேலை பார்த்துக் கறுத்தவை. மாஸின் எஜமானிபோல நம்மிடம் கண்சிமிட்ட இங்கே ஆள் இல்லை. தலைக்குப் பின்னால் குவளைகள் போய் வெறும் சுவர் வந்திருக்கிறது. அதில் ஓர் ஆணி, ஆணி பிடுங்கிய ஓட்டைகள். பார்வை சிதறாமல் அவளிடமே வரட்டும் என்றுதான் மூடியிருக்கிறார் என்று படிக்கிறேன். கேலிக்குரிய வேலைக்காரிக்கு யாராவது விலையுயர்ந்த அல்ட்ரமரின் நீலத்தை முன்துணியாகப் போட்டுவிடுவார்களா? காதல் நினைவு இருக்கலாம், பிள்ளைகளே, எழுதுங்கள். அப்படி எழுதினால் அந்தப் பார்வைக்கும் கணக்குச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று: 'காலைக் கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்ப' என்று மனனம் செய்த தொடக்கத்தை இந்தப் படத்துக்குப் போடாதீர்கள். இது காலை என்று யார் சொன்னது? இடப்பக்கச் சன்னலிலிருந்து வெளிச்சம் வருகிறது, கண்ணாடிச் சில் ஒன்று உடைந்திருக்கிறது. அதுவரைதான் தெரியும்.

ஆசிரியர்கள் வகுப்பில் முதல் பத்து நிமிடம் பெயர்ச்சொற்களை விட்டுவிட்டு, 'எதைவைத்துச் சொல்கிறாய்?' என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அருங்காட்சியகத்தின் இணையத்தளத்தில் படத்தைப் பெரிதாக்கலாம். குடுவையின் வாயை முதலில் காட்டுங்கள். உள்ளே பால் தெரியாது, இருட்டு மட்டும்தான். பால் எங்கிருந்து வருகிறது என்று யாராவது ஒரு பையன் கேட்பான்.