ஈயம் தொட்ட விரல்கள்

தமிழ் அச்சைப் பாதிரியார்கள் பெற்றார்கள், பதிப்பாசிரியர்கள் வளர்த்தார்கள் என்று புத்தகக் கண்காட்சி மேடைகளில் பேசுவது வழக்கமாகிவிட்டது. நெய்வேலிக் கண்காட்சியில் ஆண்டுதோறும் ஜூலையில் இதைக் கேட்டிருக்கிறேன். அண்ட்ரிக் அடிகளார், சீகன்பால்கு, நாவலர், தாமோதரம் பிள்ளை, உ.வே.சா. என்று ஐந்து பெயரில் மூன்றரை நூற்றாண்டை முடித்துவிடுகிறார்கள். எழுத்து வெட்டியவனும் கோத்தவனும் எங்கே போனார்கள்?

1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கம். மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. 1679-இல் அம்பலக்காட்டில் வந்த தமிழ்-போர்த்துகீசிய அகராதிக்கு மரத்தில் எழுத்து செதுக்கியவர் இக்னேஷியஸ் ஆச்சாமணி என்ற மலபார்க்காரர் என்று பவுலினோ பாதிரியார் எழுதிவைத்தார். ஆச்சாமணி பெயரை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

நெய்வேலியிலிருந்து தெற்கே கடலோரமாகப் போனால் தரங்கம்பாடி. அங்கு நடந்தது பாதிரியார் கதை மட்டுமல்ல, ஒரு பட்டறையின் கதையும்தான். லண்டனிலிருந்த கிறித்தவ அறிவு பரப்பும் சங்கம் 1711-இல் அச்சு இயந்திரத்தையும் யோனாஸ் ஃபிங்க் என்ற அச்சுக்காரரையும் கப்பலேற்றியது. ரியோ டி ஜெனிரோவில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்தார்கள். மீண்டு வரும் வழியில் ஃபிங்க் இறந்துபோனார். 1712-இல் இயந்திரம் வந்து சேர்ந்தது, ஓட்டுகிற ஆள் வரவில்லை. தரங்கம்பாடியை ஆண்ட டேனியக் கம்பெனியின் படையில் அச்சு வேலை தெரிந்த ஒரு ஜெர்மானியச் சிப்பாயைத் தேடிப் பிடித்துத்தான் முதல் தாளை இழுத்தார்கள்.

அடுத்த ஆண்டு ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகளோடு யோஹான் காட்லீப் ஆட்லர் வந்தார். எழுத்து யானை அளவு. வைத்திருந்த காகிதமெல்லாம் அதற்கே போய்விடும். ஆட்லர் பொறையாற்றில் வார்ப்புப் பட்டறை போட்டுச் சிறிய எழுத்து வார்த்தார். ஈயம் போதவில்லை. இங்கிலாந்திலிருந்து வந்த செஷயர் பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய உறையை உருக்கி ஊற்றினார்கள் என்பது மிஷன் வரலாறுகளில் உள்ள செய்தி. அந்த எழுத்தின் உதவியோடுதான் 1715-இல் புதிய ஏற்பாடு முழுதாக வந்தது. மொழிபெயர்த்த சீகன்பால்குவுக்குச் சிலை உண்டு. ஆட்லருக்கு அடிக்குறிப்புதான்.

லண்டனில் 1683-லேயே ஜோசப் மாக்சன் அச்சுத் தொழிலைக் கையசைவு கையசைவாக நூலாக எழுதிவிட்டார். எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் எங்கே நிற்க வேண்டும், எழுத்தை எப்படிப் பிடிக்க வேண்டும் என்பது வரைக்கும் அதில் இருக்கிறது. நம் அச்சு வரலாறுகளோ முகவுரை, சாற்றுக்கவி, பாடபேதம் இவற்றிலேயே மூழ்கிக் கிடக்கின்றன. இத்தனைக்கும் 1812-இல் வந்த திருக்குறள் பதிப்பின் முகப்பிலேயே தஞ்சை மலையப்பபிள்ளை குமாரன் ஞானப்பிரகாசன் அச்சில் பதித்ததாகப் பெருமையோடு போட்டிருக்கிறது. தொழிலின் மரியாதை அந்த ஒரு வரியில் தெரிகிறது. 1835-இல் உரிமத் தடை நீங்கி அச்சகங்கள் பெருகிய பிறகு, அந்த மரியாதை பதிப்பித்தவருக்கும் பணம் போட்டவருக்கும் கைமாறியது.

எங்கள் பக்கத்து ஊர் வடலூரையே பாருங்கள். 1867-இல் திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் சென்னையில் அச்சேறின. வள்ளலாரிடம் இசைவு வாங்க இறுக்கம் இரத்தின முதலியார் ஒருவேளை உணவோடு இருந்ததையும், தொழுவூர் வேலாயுத முதலியார் பதிப்பித்ததையும் ஊரே அறியும். அத்தனை ஆயிரம் வரியை எழுத்தெழுத்தாகக் கோத்து, பிழை திருத்தி, பாரம் ஓட்டி, மறுபடி எழுத்துப் பெட்டியான கேஸில் பிரித்துப் போட்டவர்களைப் பற்றி அருட்பா-மருட்பா சர்ச்சை குறித்த ஆராய்ச்சி மலையில் ஒரு கட்டுரைகூட என் கண்ணில் பட்டதில்லை.

சிறுவயதில் மந்தாரக்குப்பத்தில் ஒரு டிரெடில் அச்சகத்துக்கு அப்பாவோடு கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போவேன். கம்பாசிட்டர் அண்ணன் நின்றபடியே இடது கையில் எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கை வைத்துக்கொண்டு, கேஸைப் பார்க்காமல் எழுத்தை எடுப்பார். கட்டைவிரல் நகம் ஈயத்தில் கறுத்திருக்கும். தலைகீழாக, இடவலம் மாறிக் கிடக்கும் பெயர்களைச் சரளமாகப் படிப்பார். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு துதிக்கை போட்ட 'லை'க்கு வேலையில்லை. கேஸில் அதற்கான அறை நிறைய எழுத்து அப்படியே கிடந்தது. "உருக்கிடலாம்னு முதலாளி சொல்றார் சார், எனக்குத்தான் மனசு வரல" என்றார் அப்பாவிடம்.

தமிழ் அச்சின் வரலாற்றை இனி எழுதுகிறவர்கள் அந்தக் கேஸின் முன்னால் நின்று தொடங்கட்டும். கை ஓய்ந்த கடைசித் தலைமுறைக் கம்பாசிட்டர்கள் கடலூரிலும் சிதம்பரத்திலும் விருத்தாசலத்திலும் இன்னும் இருக்கிறார்கள்.