தெரிந்துகொள்ளப்பட்டவர் யார்?

கிறிஸ்தவ வேதாகமத்தின் தமிழ் மொழிபெயர்ப்பிலே 'தெரிந்துகொள்ளப்பட்டவர்கள்' என்றொரு சொல் வழங்குகிறது. மனிதன் செய்த நற்கருமங்களுக்குக் கூலியாக அன்றி, கடவுள் தம் சித்தப்படியே சிலரைத் தெரிந்தெடுக்கிறார். அவர்களுக்கு விசுவாசத்தை அருளுகிறார். அந்த விசுவாசத்தின் வழியாக இரட்சிப்பைத் தருகிறார் என்பது அச்சொல்லின் பின்னாலுள்ள போதனை. குயவனுக்குக் களிமண்மீது அதிகாரம் இல்லையா என்று உரோமருக்கு எழுதிய நிருபத்திலே பவுல் கேட்ட கேள்வியிலிருந்து இது வளர்ந்தது. ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீன் இதனை வகுத்தார்; பதினாறாம் நூற்றாண்டில் கல்வின் இதற்குக் கூர்மையேற்றினார்.

இது திருச்சபைக்குள்ளே நடக்கும் சர்ச்சை, முற்போக்கு எழுத்தாளருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். கருத்துகள் ஆகாயத்தில் வாழ்வதில்லை. மனிதர் கையிலே அகப்பட்டு, அவர்களுடைய நிலத்திலும் வயிற்றிலும் வேலை செய்கின்றன. அதிலும், தெரிவு என்ற சொல்லை வன்னி மக்கள் அறிந்த அளவுக்கு அறிந்தவர் உலகில் மிகச் சிலரே. ஆகவே இக்கோட்பாட்டின் வரலாற்றை நாம் பரிசீலிப்பது அவசியமாகிறது.

1618-19ஆம் ஆண்டுகளில் ஒல்லாந்து நாட்டின் டோர்ட் நகரிலே கூடிய சபை மகாநாடு, கடவுளின் தெரிவு எந்த நிபந்தனைக்கும் உட்பட்டதன்று என்று தீர்மானித்தது. மனித சித்தத்துக்கும் சிறிது இடமளித்த ஆர்மீனியசின் சீடர்கள் சபையிலிருந்து விலக்கப்பட்டனர். அதே 1619ஆம் ஆண்டிலேதான் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. இரண்டுக்கும் அன்று தொடர்பில்லை. ஆனால் 1658இல் போர்த்துக்கேயரை வென்று ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்திலே புகுந்தபோது, டோர்ட் மகாநாட்டின் போதனையும் வணிகக் கம்பனியின் கணக்குப் புத்தகமும் ஒரே கப்பலில் வந்திறங்கின.

அதன்பின் நடந்தது என்ன? பிலிப்பஸ் பால்தேயஸ் போன்ற போதகர்கள் ஊரூராகச் சென்று தேவாலயங்களையும் பாடசாலைகளையும் சீர்செய்தனர். பாடசாலைத் தோம்புகளிலே ஞானஸ்நானமும் விவாகமும் பதியப்பட்டன. அப்பதிவோடு சொத்துரிமையும் உத்தியோகமும் பிணைக்கப்பட்டன. உத்தியோகம் வேண்டியவர் ஞானஸ்நானம் பெற்றார். வீட்டிலே திருநீறு பூசிக்கொண்டார். மனிதனின் எந்தச் செயலாலும் இரட்சிப்பை விலைக்கு வாங்க முடியாது என்று பிரசங்க பீடத்திலே முழங்கிய சபை, கச்சேரியிலே அதே ஞானஸ்நானத்துக்கு விலை நிர்ணயித்தது! தெரிவு கடவுளின் இரகசியம் என்றால் அதற்குப் பதிவேடு எதற்கு? பதிவேடுதான் மெய்யென்றால், தெரிந்தெடுத்தவர் கடவுளா, கம்பனியா? 1796இல் ஆங்கிலேயர் வந்து அந்தப் பிணைப்பு தளர்ந்ததும், தோம்பிலிருந்த பெருந்தொகையான கிறிஸ்தவர்கள் காலைப் பனிபோல மறைந்தனர். இதனை யாழ்ப்பாணத்தாரின் வஞ்சகம் என்று பேசுவோர் உண்டு. வஞ்சகம் எங்கே தொடங்கியது என்பதையும் அவர்கள் யோசிக்கவேண்டும்.

தோம்பிலே சேராதவர்களுக்கு வன்னிக் காடு புகலிடமாயிற்று. ஒல்லாந்தர் ஆட்சியிலே கத்தோலிக்கக் குருமாருக்கு இடமளிப்பதும் குற்றம். மாந்தையிலிருந்து மாதாவின் சொரூபத்தைச் சுமந்துகொண்டு 1670ஆம் ஆண்டளவில் சில குடும்பங்கள் காட்டுக்குள் ஒதுங்கின. அங்கே எழுந்ததே மடு என்பது பரம்பரைச் செய்தி. 1687இல் கோவாவிலிருந்து ஏழைக் கூலியாளின் வேடத்தில் வந்த யோசேப் வாஸ் முனிவர், கைவிடப்பட்ட அந்த மக்களிடையேதான் பணி செய்தார். 2015இல் உரோமாபுரிச் சபை அவரைப் புனிதராக அறிவித்தது. ஆள்வோரின் ஏட்டிலே இடமில்லாத மக்கள், தம்மைக் கடவுள் கைவிடவில்லை என்று நம்பியதாலேயே நிமிர்ந்து நின்றார்கள்.

இக்கோட்பாட்டின் மறுபக்கம் இங்கேதான் புலப்படுகிறது. ஆள்வோரின் கையில் முத்திரையாகும் அதே நம்பிக்கை, அடக்கப்பட்டவரின் கையில் ஊன்றுகோலாகிறது. இங்கிலாந்திலே ஓட்டைப் பாத்திரங்களைச் செப்பனிடும் தொழிலாளியாக இருந்த ஜோன் பனியன், அனுமதியின்றிப் பிரசங்கித்த குற்றத்துக்காக 1660 முதல் 1672 வரை பெட்ஃபோர்ட் சிறையில் கிடந்தார். பிரபுவும் பிஷப்பும் தன்னை மனிதனாக மதிக்காவிட்டாலும் கடவுள் தன்னைத் தெரிந்துகொண்டார் என்ற உறுதி அவருடைய முதுகெலும்பாயிற்று. 1678இல் அவர் வெளியிட்ட 'மோட்சப் பிரயாணம்' அந்த உறுதியின் விளைவு. வீடும் நிலமும் பட்டமும் இராச்சியமும் விலைக்கு விற்கப்படும் மாயச் சந்தையை அந்நூல் கேலி செய்கிறது. நீதிபதியின் ஆசனத்திலே நன்மையைப் பகைப்பவனை உட்கார்த்துகிறது. ஆங்கிலத் தொழிலாளர் இயக்கத்தின் மூலநூல்கள் இரண்டில் ஒன்றென்று இதனை வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் 1963இல் மதிப்பிட்டது பொருத்தமே.

இந்நூல் தமிழிலே காப்பியமானபோது என்ன நேர்ந்தது என்பது இலக்கிய விமர்சகன் ஆராயவேண்டிய பொருள். திருநெல்வேலிச் சீமையிலே வைணவ வேளாளர் குடியில் 1827இல் பிறந்து, 1858இல் கிறிஸ்தவரான எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, பனியனின் கதையைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார். 3,700க்கு மேற்பட்ட பாடல்கள், 1894இல் நூலாயிற்று. கிருபையின் தத்துவம் அவருக்குப் புதிதன்று. குட்டி தாயைப் பற்றிக்கொள்வதா, தாய் குட்டியைக் கவ்விச் செல்வதா என்று வடகலையாரும் தென்கலையாரும் குரங்கையும் பூனையையும் காட்டி நடத்திய வாதம், மனித முயற்சியா இறையருளா என்ற இதே வாதந்தான். சைவ சித்தாந்திகளும் சத்திநிபாதம் பற்றி இதே வாசலில் நின்று பேசினார்கள். எனவே அந்நியச் சரக்கு என்று இதனை ஒதுக்குவது அறியாமை.

கம்பனில் தோய்ந்த அவருடைய விருத்தங்களின் ஓசையும் உருக்கமும் நம் போற்றுதலுக்குரியன. அந்நிய நாட்டுக் கதையொன்று தமிழ்க் காப்பிய மரபிலே மூச்சுவிட முடியும் என்று அவர் நிறுவினார். ஆயினும் ஓர் உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஏழைத் தொழிலாளி தன்னைப்போன்ற ஏழைகளுக்காகப் பேச்சுமொழியில் எழுதிய கதை, இங்கே புலவர் சபைக்குரிய காப்பியமாயிற்று. திருநெல்வேலியில் அன்று திருச்சபையை நிரப்பியவர்களில் மிகப் பலர் பனையேறும் தொழிலாளரும் அவர்போன்ற எளியோரும். குலம் பாராமல் அழைக்கும் கடவுளைப் பாடிய நூலை அந்தக் குலத்தார் எட்டிப்பிடிக்க முடியவில்லை. உள்ளடக்கம் திறந்த கதவை உருவம் பாதி சாத்திவிட்டது. இது கவிஞரின் தனிக் குற்றமன்று. கல்வி சிலருக்கே உரித்தாயிருந்த சமுதாயத்தின் குற்றம்.

சாத்திய கதவுகள் ஏட்டில் மட்டும் இருக்கவில்லை. அதே திருநெல்வேலிச் சீமையில், வடக்கன்குளத்திலே 1872இல் எழுந்த கத்தோலிக்கத் தேவாலயம் இரண்டு கால்களாகப் பிரிக்கப்பட்டு, சாதிக்கொரு பக்கமும் நடுவே சுவருமாக நின்றது. 1910இல் அச்சுவர் இடிக்கப்பட்டபோது சபை வழக்குமன்றம் வரை இழுபட்டது. பிறப்பைப் பாராத கிருபையைப் பிரசங்கித்தவர்கள், பிறப்பைப் பார்த்துச் சுவர் எழுப்பினார்கள். கோட்பாட்டின் தரம் அதன் சொல்லில் மட்டுமன்று, அது யாரை எங்கே உட்கார்த்துகிறது என்பதிலும் தெரியும்.

இனி நம் காலத்துக்கு வருவோம். வவுனியாவுக்கு வடக்கே கண்டி வீதியிலுள்ள ஓமந்தை, 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்துக்குப்பின் இரண்டு ஆட்சிகளுக்கு இடைப்பட்ட வாசலாக இருந்தது. அடுத்த யுத்தத்திலே வடக்குப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் என்ற பெயரால் பிள்ளைகள் பிடிக்கப்பட்டனர். அதுவும் ஒரு தெரிவு. 2009இல் எறிகணைகளுக்குத் தப்பிய மக்கள் ஓமந்தைக்குக் கொண்டுவரப்பட்டுச் சோதிக்கப்பட்டுப் பதியப்பட்டனர். இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவரும் தனியே வருக என்று அறிவித்தனர். ஒருபுறம் சென்றவர்கள் மெனிக் பாம் முகாமுக்குப் போனார்கள். மறுபுறம் சென்றவர்களில் சிலரைப் பற்றி எச்செய்தியும் இல்லை. அவர்களைத் தம் கையாலேயே ஒப்படைத்த தாய்மார், 2010இல் அமைந்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் சாட்சியம் சொன்னார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் அமர்ந்து போராட்டம் தொடங்கினார்கள்.

இத்தகைய நிலத்திலே, 'கர்த்தர் என்னைத் தெரிந்துகொண்டார், அதனால் பிழைத்தேன்' என்று ஒரு தாய் சொல்லுவாளாயின், அவளை ஏளனம் செய்ய எந்த முற்போக்குவாதிக்கும் உரிமையில்லை. நெஞ்சு வெடிக்காமல் காக்கும் சொல் அது. ஆனால் அதே சொல்லைப் பிரசங்க பீடத்தில் கோட்பாடாக்கினால், பக்கத்துப் பதுங்குகுழியில் மாண்ட குழந்தை தெரிந்துகொள்ளப்படவில்லை என்பது அதன் மறுபாதியாகிறது. குண்டை ஏவியவனும் ஏட்டில் பெயரெழுதியவனும் கடவுளின் சித்தத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள். மனிதன் செய்த தெரிவைக் கடவுளின் தலையில் சுமத்துவதே இங்குள்ள பெரும் ஆபத்து.

திருச்சபைக்குள்ளிருந்தே இதனை உணர்ந்தவர்கள் உளர். இலத்தீன் அமெரிக்க ஆயர்கள் 1979இல் பூவெப்லாவிலே கூடி, ஏழைகளின் பக்கம் நிற்பதே திருச்சபை செய்யவேண்டிய தெரிவு என்றனர். கடவுள் யாரைத் தெரிந்தார் என்ற பழைய கேள்வியோடு, நீ யாரைத் தெரிந்தாய் என்ற கேள்வியும் சேர்ந்தது. இலங்கையிலே திஸ்ஸ பாலசூரிய அடிகளார், திருச்சபைக்கு வெளியே இரட்சிப்பில்லை என்ற எண்ணத்தையும் பிறவிப் பாவக் கொள்கையையும் கேள்விக்குள்ளாக்கி 1990இல் மரியாள் பற்றி ஒரு நூல் எழுதினார். 1997இல் சபையிலிருந்து விலக்கப்பட்டு, அடுத்த ஆண்டு மீண்டும் ஏற்கப்பட்டார். விலக்கலும் ஏற்றலும் எவ்வளவு மனிதச் செயல்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆசிரியர்களும் மாணவர்களும் சமய நூல்களைப் படிக்கும்போது, இரட்சிப்பைப் பற்றி அவை என்ன சொல்லுகின்றன என்பதோடு நின்றுவிடலாகாது. அந்தச் சொல் யார் வாயில் இருக்கிறது, ஏடு யார் கையில் இருக்கிறது என்றும் கேட்கவேண்டும். பனியனின் சிறையையும் ஒல்லாந்தரின் தோம்பையும் ஒரே நிறையில் வைக்க முடியாது. வீதியோரத்திலே அமர்ந்த தாய்மார் கேட்டது விண்ணுலகின் இரகசியத்தை அன்று. ஓமந்தையில் எழுதப்பட்ட பெயர்ப்பட்டியலை. அதற்கு விடை சொல்லவேண்டியவர்கள் இந்த மண்ணிலேயே இருக்கிறார்கள்.