குடியும் மௌனமும்
‘இந்தியன் ஹோஸ்’ நாவல் பற்றிச் சில குறிப்புகள்

குடிகாரன் என்ற பாத்திரம் இலக்கியத்திற்குப் புதியதன்று. ஒழுக்கம் போதிக்க விழைந்தோர் அவனை எச்சரிக்கைப் பலகையாக்கினர். நகைச்சுவை வேண்டியோர் கோமாளியாக்கினர். இரக்கமுடையோர் விதியின் பலிப்பொருளாகக் கண்டு கண்ணீர் உகுத்தனர். அவன் ஏன் குடிக்கிறான் என்ற வினாவை இம்மூவகையினரும் பெரும்பாலும் எழுப்பவில்லை. அவ்வினாவையே நடுநாயகமாகக் கொண்டமைந்தது, கனடாவின் ஓஜிப்வே இனத்தைச் சேர்ந்த எழுத்தாளர் றிச்சர்ட் வாகமீஸ் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘இந்தியன் ஹோஸ்’ என்னும் நாவல்.

நாவலின் நாயகன் சோல் இந்தியன் ஹோஸ். குடியினால் உடலும் உள்ளமும் சிதைந்து, சிகிச்சை நிலையமொன்றில் இருக்கும் அவனால் மற்றவர் முன் வாய்திறந்து தன் கதையைச் சொல்ல இயலவில்லை. ஆகவே எழுதத் தொடங்குகிறான். அவ்வெழுத்தே நாவல். காட்டிலே வாழ்ந்த குடும்பம், உறைபனியில் பேரனைத் தன் உடலால் மூடிக் காத்து உயிர்நீத்த பாட்டி, அதன்பின் அநாதையாக அவன் கொண்டுசெல்லப்பட்ட வதிவிடப் பாடசாலை, அங்கு கற்ற பனித்தரை ஹொக்கி, அவ்விளையாட்டில் அவன் பெற்ற புகழ், வெள்ளையரின் இனத்துவேஷத்தால் அப்புகழ் நஞ்சானமை, ஈற்றில் குடி. கதை இவ்வாறு செல்கிறது.

இப்பாடசாலைகள் கற்பனையல்ல. கனடிய அரசும் கிறிஸ்தவ திருச்சபைகளும் கூட்டாக நடத்தியவை அவை. 1920ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் முதற்குடிகளின் பிள்ளைகளைக் கட்டாயமாக அங்கு அனுப்ப அரசுக்கு அதிகாரமளித்தது. ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் இவ்வமைப்பினூடாகச் சென்றனர். தாய்மொழி பேசியமைக்காகத் தண்டிக்கப்பட்டோர் பலர். வீடு திரும்பாது மாண்டோர் பலர். கடைசிப் பாடசாலைகள் 1990களின் பிற்பகுதியிலேயே மூடப்பட்டன. 2008இற் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். 2015இல் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு இதனைப் பண்பாட்டு இனப்படுகொலை என வகைப்படுத்தியது. பாலியற் கொடுமைக்கும் கடும் உடற்கொடுமைக்கும் நட்டஈடு கோரி வந்த விண்ணப்பங்கள் மட்டும் 38,000இற்கு மேற்பட்டவை. இத்தொகையை நோக்குமிடத்து, ஒருசில தீயோரின் தனிப்பட்ட ஒழுக்கக்கேடு என்ற விளக்கம் நிலைக்காது. பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, அதன் சொல்லுக்கு மதிப்பில்லாத இடமொன்றிலே, கேள்விகேட்பாரற்ற அதிகாரத்தின் கையில் ஒப்படைத்த அமைப்பே அதன் ஊற்று.

இனி, நாவலின் உருவத்துக்கு வருவோம். பாடசாலையில் சோலுக்கு அன்பு காட்டிய ஒரே மனிதர் லெபூதிலியே என்ற பாதிரியார். ஹொக்கியை அறிமுகஞ் செய்தவர் அவரே. வாசகனும் அவரை விரும்பத் தொடங்குகிறான். நாவல் முடியுந் தறுவாயில், கைவிடப்பட்ட பாடசாலைக் கட்டடத்துக்கு மீளச் செல்லும் சோலுக்கு உண்மை நினைவில் எழுகிறது: அந்த மனிதரே அவனைப் பாலியற் கொடுமைக்கு உள்ளாக்கியவர். இது வாசகனை ஏமாற்றும் உத்தி என்று கொள்வது பிழை. சோல் நமக்கு மறைக்கவில்லை, தனக்கே மறைத்திருந்தான். பற்றிக்கொள்ள வேறொரு கையுமில்லாத பிள்ளை, அணைத்த கையே சிதைத்த கையாகவும் இருந்தது என்பதை எங்ஙனம் ஏற்கும்? மறத்தலே அதன் பாதுகாப்பு. குடி அம்மறதியின் காவலாளி.

இதனாலேயே, பின்னாளில் ஏர்வின் சிவ்ற் என்ற விவசாயி அவனைத் தன் வீட்டில் வைத்து அன்போடு பேணியபோதும் அவனால் அங்கு நிலைக்க முடியவில்லை. கொடுமை அன்பின் வேடத்தில் வந்தமையால், அவன் அன்பையே அஞ்சுகிறான். நன்றிகெட்ட குடிகாரன் என்று உலகம் எளிதிற் கூறும் செயலின் உள்ளார்ந்த நியாயத்தை இப்பகுதி போற் காட்டும் எழுத்து அரிது. கலிபோர்னியாவில் மருத்துவர் பெலிற்றியும் பிறரும் நடத்தி 1998இல் வெளியிட்ட ஆய்வும், சிறுபராயத்தில் நான்கோ அதற்கு மேற்பட்டோ வகையான துன்பங்களுக்கு ஆளானோர் குடி, போதைப்பொருள், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றுக்கு இலக்காகும் வாய்ப்பு, அத்தகைய துன்பம் எதுவுமறியாதோரிலும் நான்கு முதற் பன்னிரண்டு மடங்கு அதிகமெனக் கண்டது.

மீட்சி எங்ஙனம் வருகிறது? மனவுறுதியாலோ போதனையாலோ மட்டும் வரவில்லை. சோல் தன்னை முன்னர் வளர்த்த கெலி குடும்பத்திடம் திரும்புகிறான். அவர்களும் அதே பாடசாலையில் அதே கொடுமைக்கு ஆளானோர் என்பதை அப்போதுதான் அறிகிறான். ஆண்டுக்கணக்கில் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் ஒருவருக்கொருவர் சொல்லாதிருந்த உண்மை அது. வெட்கம் ஒவ்வொருவரையும் தனித்தனியே பூட்டிவைத்திருந்தது. அது தனக்குரிய வெட்கமன்று என அறிந்தவிடத்துப் பூட்டுத் திறக்கிறது. தனிமனித மனவேதனையை எழுதுவது முற்போக்கு இலக்கியத்தின் பணியன்று என வாதிடுவோர் இவ்விடத்தை ஊன்றிப் படித்தல் வேண்டும். அந்தரங்கமான வேதனையே இங்கு கூட்டு அனுபவமாகிச் சரித்திரத்தின் சாட்சியமாகிறது.

குறைகளும் உண்டு. மூதாதையரின் ஏரிக்கரையிற் சோல் காணும் காட்சி கவித்துவமானதே; ஆயினும் பல்லாண்டுக் குடியின் பிடி ஈற்றுப் பக்கங்களிலே சற்று விரைவாகவே தளர்ந்துவிடுகிறது. வீழ்ந்தும் எழுந்தும் மீளவும் வீழ்ந்தும் நடக்கும் நெடுவழி போதிய அளவு காட்டப்படவில்லை. பாட்டி நயோமியைத் தவிர்ந்த பெண்பாத்திரங்கள் நிழல்களாகவே நின்றுவிடுகின்றனர். மீட்சி நீதிக்கு ஈடாகாது என்ற எண்ணத்தையும் ஆசிரியர் இன்னும் அழுத்தியிருக்கலாம். வதிவிடப் பாடசாலையிலிருந்து மீண்ட பெற்றோருக்குப் பிறந்து, வளர்ப்புக் குடும்பங்களில் அலைந்து, குடியோடு தாமும் போராடிய வாகமீஸ் 2017இல் மறைந்தார்.

எம் வாசகர்களிற் பலர் ஆசிரியர்கள். அவர்களுக்கு இந்நாவல் வசதியான வாசிப்பாக இராது. பிள்ளைமீது அன்புடையவர் என்ற நற்பெயர் ஒருவரை விசாரணைக்கு அப்பாற்பட்டவராக்கிவிடக் கூடாது. பிள்ளையின் சொல்லுக்குச் செவிசாய்க்கும் ஒழுங்கு, எவரது நல்லெண்ணத்திலும் தங்கியிராது, ஒவ்வொரு பாடசாலையிலும் நிலைபெற வேண்டும். சோல் சொல்லத் தொடங்கியபோது அவன் வளர்ந்தவனாகிவிட்டான். சொல்லக்கூடிய இடமொன்று அவனுக்கு எட்டு வயதிலேயே இருந்திருந்தால் இந்நாவலுக்கு அவசியமே நேர்ந்திராது.