இரண்டாம் நாள் காலை

மோட்டார் சைக்கிளில் நாள்கணக்காக ஊர் சுற்றும்போது எனக்கு மிகவும் பிடித்தது இரண்டாம் நாள் காலை. முதல் நாள் முழுக்க உடம்பும் வண்டியும் இழுபறி நடத்தும். ஓர் இரவு தூங்கி எழுந்தால் இரண்டும் இணங்கிவிடும். திண்டிவனத்து விடுதி வாசலில், பனியில் நனைந்த சீட்டைத் துடைத்து, பையை ரப்பர் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டி, ஒரு தடவை ஆட்டிப் பார்ப்பதிலேயே ஒரு நிறைவு. நன்றாகக் கட்டிய பை அன்று முழுக்க நினைவுக்கே வராது.

செஞ்சிச் சாலையில் மார்கழிப் பனி வயலோடு வயலாகத் தாழ்ந்து கிடக்கும். முட்டியில் குளிர் ஏறும். எஞ்சின் சூடு கெண்டைக்காலை மட்டும் காப்பாற்றும். புதிதாகத் தார் போட்ட இடத்தில் டயர் சத்தம் சட்டென்று மெலியும். பழைய சாலை தொடங்கியதும் கைப்பிடி வழியே மணிக்கட்டுக்கு அதிர்வு வரும். சாலை தானாகச் சமமாவதில்லை. கனடாவின் கியூபெக்கில், உறைபனி மேல் ஓடும் ஸ்நோமொபைல் வண்டியில் நாள்கணக்காகச் சுற்றுபவர்களுக்காக இரவிலேயே இயந்திரம் விட்டுப் பனிப்பாதையைச் சமப்படுத்தி வைக்கிறார்கள். இங்கே நமக்கு அதைச் செய்து தருபவர்கள், கொதிக்கும் தாரின் அருகே நின்று ஜல்லி பரப்புகிறவர்கள். அவர்கள் கைவேலையை நம் முதுகெலும்பு அறியும். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையைப் பார்த்துவிட்டு விழுப்புரம் பக்கம் திரும்பினால் கரும்பு டிராக்டர்கள், முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலையை நோக்கி. தோகை சாலையை உரசும் ஓசை, பச்சைக் கரும்பின் வாசம். முந்தாமல் பின்னாலேயே கொஞ்ச தூரம் போவது சுகம். பாதை தெளிந்ததும் டிரைவர் கையை வெளியே நீட்டிப் 'போ' என்று அசைப்பார். ஒரு சின்ன ஹாரன், கியரை மாற்றி முன்னே.