கடப்பாரையும் உள்ளங்கையும்

1988-இல் டாட்டாமொபைல் வெளிவந்த காலந்தொட்டு டில்லியின் காய்கறி மூட்டைகளையும் இரும்புக் கம்பிகளையும் சுமந்து தேய்ந்த பிக்கப் வண்டிகளின் முன்பக்கத்தைப் பரீட்சிப்பதில், டை ராடின் ஆட்டத்திலேயே லயித்துப்போகிறவர்கள் ஒரு கட்சியாகவும், டயரின் உள்விளிம்புத் தேய்மானத்தைத் தடவிப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிடுகிறவர்கள் மற்றொரு கட்சியாகவும் பிரிந்து நிற்பதை நான் அறிவேன். ஆயினும் என் மனம் உபாசிப்பது கீழ் பால் ஜாயின்டைச் சோதிக்கும் அந்த ஒரே ஒரு செய்கையைத்தான்.

மாயாபுரியில் பழைய இரும்புக் குவியல்களுக்கு நடுவே பட்டறை வைத்திருந்த உஸ்தாத் ஒருவர் அதைச் செய்யும் அழகே தனி. ஜாக்கியைச் சேஸிஸுக்கு அடியில் கொடுத்தால், ஸ்பிரிங் ஆர்மைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்க, ஜாயின்ட் இறுகி நின்று தன் நோயை மறைத்துவிடும் என்பதனால், அவர் அதை லோயர் ஆர்முக்கு அடியிலேயே, ஜாயின்டுக்கு எவ்வளவு சமீபமாக வைக்க முடியுமோ அவ்வளவு சமீபமாக வைத்து, சக்கரம் தரையைவிட்டு இரண்டு விரற்கடை எழும்பியதும் நிறுத்திவிடுவார். பையன் டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து மெள்ள நெம்புவான். உஸ்தாதின் இடது உள்ளங்கையோ ஆர்மும் நக்கிளும் சந்திக்கும் இடத்தைப் பற்றியிருக்கும். சக்கரம் அசைந்தும் கையில் ஒன்றும் தட்டுப்படாவிட்டால், பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுவார். ஆட்டம் அடங்கினால் வீல் பேரிங், அடங்காவிட்டால் மேல் ஜாயின்ட்டின் பக்கம் கவனம் திரும்பும். பையன் வேகங்காட்டி நெம்பினால் அவருக்குக் கோபம் வந்துவிடும். பலாத்காரம் செய்தால் எந்த உறுப்பும் பொய்ச் சாட்சி சொல்லும் என்பது அவர் சித்தாந்தம்.

லேசர் அலைன்மென்ட் பக்தர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வண்டி தன் முழுப் பாரத்தோடு நிற்கையில் எடுத்த கேம்பர் கணக்கு, பாரத்தினால் இறுகிய ஜாயின்டின் தளர்ச்சியை எங்ஙனம் காட்டும்? தளர்ந்த ஜாயின்டின் மேல் செய்த அலைன்மென்ட் முதல் வேகத்தடை வரைக்குந்தான். டை ராட் விஷயம் நேர் விரோதம். அதைச் சக்கரம் தரையில் பதிந்திருக்கும்போதே, ஒருவர் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் சிறிது அசைக்க, மற்றவர் கைவைத்துப் பார்க்கவேண்டும் என்பதை அந்தக் கட்சியாருக்கு நான் தாராளமாக ஒப்புக்கொள்கிறேன். கிங் பின் வைத்த ஜீப் வம்சத்தைப் போற்றுகிறவர்களிடமும் பகையில்லை. அந்த முரட்டு உறுதியில் ஒரு கம்பீரம் உண்டு, சூட்சுமந்தான் குறைவு.

ஜூன் மாதத்து நாற்பத்தைந்து டிகிரியில் வெந்து விறைத்த புஷ்கள் ஜனவரிக் குளிரில் ஆஸாத்பூர் மண்டியிலிருந்து விடியுமுன் புறப்படும்போது முனகுவதும், சிறிது தூரம் ஓடியபின் அடங்கிவிடுவதும் டில்லிவாசிகளுக்குப் பழகிய சங்கதி. ஜாயின்டில் கிரீஸ் நிப்பிள் இருந்த காலத்தில், முனகுவது புஷ்ஷா ஜாயின்டா என்ற ஐயத்துக்கு ஒரு பரிகாரம் இருந்தது. ஒவ்வொரு ஜாயின்டாகக் கிரீஸ் ஏற்றி, எதற்கு ஏற்றியதும் சத்தம் நின்றதோ அதுவே குற்றவாளி என்று பிடித்துவிடலாம். மூடி முத்திரையிட்டு வரும் இக்காலத்து ஜாயின்ட்கள் அந்த உபாயத்தை நம்மிடமிருந்து பறித்துவிட்டன. சமீபத்தில் ஒரு பட்டறையில் வண்டியைத் தொட்டுக்கூடப் பாராமல், 'முழு கிட்டையும் மாற்றிவிடலாம், சார்' என்று சொன்ன இளைஞனை நோவதில் பயனில்லை. காஷ்மீரி கேட் உதிரிபாகக் கடைகளில் கிட் கிடைக்கும், உள்ளங்கை கிடைக்காது.

அவன் கை பழகுவதற்குத்தான் வண்டி எங்கே? பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் தலைநகரில் ஓடலாகாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் விதித்து, உச்ச நீதிமன்றமும் 2018-இல் அதை ஊர்ஜிதம் செய்தது. புகையை நினைத்தால் நியாயமே. நானும் இந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறேன். ஆனால் கீழ் ஜாயின்ட் ரசிக்கத்தக்க பருவத்தை எட்டும் வேளையில் அவ்வண்டிகள் தடையில்லாச் சான்று பெற்று அயல் மாநிலங்களுக்குப் போய்விடலாயின. அங்கே ஜாக்கியை எங்கே வைக்கிறார்களோ!